ஆறு கல் ப்ரோச்

1991 அக்டோபர், ஞாயிறு காலை பத்து நாற்பது. லண்டன் அப்டன் பார்க் சந்தையில் பழைய அமெரிக்கக் கவரிங் நகைகள் விற்கும் யாழ்ப்பாணப் பெண்ணிடம், மறைந்த அம்மா சேலையில் குத்திவந்த ப்ரோச்சை நீட்டுகிறேன். விழுந்துபோன ஒரு கல்லுக்குப் பதில் வேறு கல் பதிக்க வேண்டும். அம்மாவின் தங்கத்தை அக்காக்கள் எடுத்துக்கொண்டார்கள். கவரிங் என்று இதை எனக்கு விட்டார்கள்.

அவர் பின்புறத்தை லென்ஸில் பார்க்கிறார். "ரெண்டாம் உலக யுத்த நேரம் செய்தது, அக்கா. கவரிங் செய்யிற ஈயமெல்லாம் யுத்தத்துக்குப் போனதால, வெள்ளியில செய்து பொன்முலாம் பூசியிருக்கினம்."

"தங்கமாவே இருந்திருக்கலாம்."

"தங்கமெண்டால் இதுக்குள்ள உருக்கியிருப்பியள்."

உண்மைதான். அம்மாவின் அட்டிகை இன்று பேத்திகளின் வளையல்.

உதிரிக் கற்கள் டப்பாவைக் கிளறி, பொருத்தமான பச்சைக் கல்லை எடுக்கிறார். ப்ரோச்சில் மீதி ஆறு கற்கள். அம்மா கடைசிவரை குத்தியதும் அந்த ஆறு கற்களோடுதான்.

"வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும்" என்று வாங்கி, கோட்டின் இடது தோளில் குத்திக்கொள்கிறேன்.