கல்லறைமேல் ஏறிய பொம்மைகள்

எங்கள் பங்குச் சாமியாருக்குக் கடைசிவரை சமைத்துப்போட்டவள் நான். அவர் இறந்து சில வருஷம் கழித்து, அவருக்குப் புனிதர் பட்டம் கேட்டு ஆயரிடம் மனு போனது. பட்டம் என்ன சும்மாவா கிடைக்கும்? முதலில் மறைமாவட்டத்தில் விசாரணை நடக்கும். பழகியவர்களைக் கூப்பிட்டு நல்லது கெட்டது இரண்டையும் கேட்பார்கள். அது தேறினால்தான் காகிதம் ரோமுக்குப் போகும்.

என் வீட்டுக்காரர் செராமிக்கில் பொம்மை செய்கிறவர். சாமியார் என்றால் அவருக்கு உயிர். மனு போன சந்தோஷத்தில் சாமியார் உருவத்தைச் சாண் உயரத்துக்கு வார்த்து, சூளையில் சுட்டு, தலைக்குப் பின்னால் தங்க வர்ணத்தில் ஒளிவட்டமும் வைத்துவிட்டார். மாதா சுரூபத்துக்கு வைக்கிறோமே, இவருக்கு வைத்தால் என்ன? பொம்மைகள் கல்லறைமேல் வரிசையாக ஏறின. பெண்ணாடத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து சூடம் கொளுத்தினார்கள், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டினார்கள். திருச்சபை அறிவிக்கும் முன்னால் ஒருவரை அப்படிப் பொதுவில் வணங்கக் கூடாது, வணங்கினால் விசாரணையே நின்றுபோகும் என்று எங்களில் ஒரு ஆளுக்கும் தெரியாது. பாழாய்ப்போன பக்தி!

முதல் சாட்சி நான். தெருவே எனக்குப் பாடம் எடுத்தது. "அவரு கோவத்தப் பத்தி வாயத் தொறக்காதக்கா." கோபக்காரர்தான். குழம்பில் உப்புக் கரித்தால் கத்துவார். அரை மணி கழித்து அடுப்படிக்கே வந்து, "கஞ்சி இருக்குதாம்மா?" என்று நிற்பார்.

விசாரணைக்கு வந்தவர்கள் நேராகக் கல்லறைக்குப் போய் வெகுநேரம் நின்று பார்த்தார்கள். பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பைபிள்மேல் கை வைத்து இரண்டு சத்தியம் செய்தேன்: உண்மையே சொல்வேன், கேட்டதையும் சொன்னதையும் யாரிடமும் பேசமாட்டேன். அதனால் இங்கேயும் அதை எழுதப்போவதில்லை.

எனக்கு அடுத்து யாரையும் அவர்கள் கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் புதுச் சாமியார் பூசையில் அறிவித்தார்: கல்லறையிலிருந்து பொம்மை, விளக்கு, தொட்டில் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், விசாரணை இப்போதைக்கு நிறுத்தம். கோயிலில் இருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது.

"அவங்களே கல்லறைக்குப் போயி பாத்தாங்களே" என்றேன்.

"பாத்தா? யாரு செஞ்சது, யாரு வெச்சதுன்னு நீதான சொல்லியிருப்ப" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. புதுச் சாமியாரிடம் போய் அழுதேன். "வூட்டுக்காரருகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன் சாமி."

"அவருகிட்டயும் கூடாதும்மா."

பொம்மைகளைச் சாக்கில் கட்டி எடுத்து வந்த என் வீட்டுக்காரர் பல நாள் என்னிடம் பேசவில்லை. ஒரு சாயங்காலம் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது.

"உள்ள நடந்ததெல்லாம் எனக்கு வேணாம். 'என் புருஷன நான் காட்டிக் குடுக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஊரு என்னா பேசினாலும் நான் பாத்துக்கிறேன்."

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நான் பேசவில்லை.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"அப்போ நீதான்" என்றார்.