கோடு பதிந்த மயில்

அந்த ஆங்கிலேயப் பெண்மணி தம் ஓவியங்களில் முழுப்பெயரை எழுதியதில்லை. வலது கீழ் மூலையில், புல்லுக்குள் ஒளிந்த பூச்சிபோல, இரண்டு எழுத்துகள் மட்டும் இருக்கும். பல ஆண்டுகள் தேடி அவரைப் பற்றி நான் திரட்டியது கொஞ்சம்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்த்து அட்டைகளுக்கு வரைந்து தொழிலைத் தொடங்கினார். பிறகு குழந்தைகளின் கதைப் புத்தகங்களுக்குக் கறுப்புக் கோட்டுப் படங்கள். வண்ண அச்சு மலிந்ததும் அவருக்கு நல்ல காலம் வந்தது. முதல் உலகப் போர் வந்ததும் அது போயிற்று. காகிதம் கிடைக்கவில்லை, வண்ணப் படங்கள் நின்றன. கடைசிக் காலத்தில் பிஸ்கட் டின் மூடிகளுக்கு வரைந்துகொண்டிருந்தார். ரங்கூனுக்கு அவர் வந்ததாக எங்கும் குறிப்பில்லை. அவர் வரைந்த ஒரு மயிலால் அந்த நகரின் போட்டாதாங் பகுதியில் ஒரு வீடு நடுங்கியதை அவர் அறிய வழியில்லை.

1988இல் எனக்கு ஏழு வயது. அரசை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்ததால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. அப்பா படகுத்துறைக் கிடங்கு ஒன்றில் எழுத்தர். கியாக்டடா பகுதி நடைபாதையில் பழைய புத்தகக்காரரிடம் வாங்கிய, அந்தப் பெண்மணி படம் வரைந்த கதைப் புத்தகம் ஒன்றை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். கை கழுவிக் காட்டினால்தான் என்னிடம் தருவார். வண்ணப் படம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய தாள் மூடியிருக்கும். அதைத் தூக்கிப் பார்ப்பது எனக்குத் திரை விலக்கிச் சாமி பார்ப்பதுபோல. மிகவும் பிடித்தது மயில் படம். தோகையை விரிக்காமல், ஒரு காலைத் தூக்கி, கழுத்தை வளைத்துச் சண்டைக்கு நிற்கும் மயில். அதன் எதிரே வெள்ளை கவுன் போட்ட ஒரு சிறுமி பயப்படாமல் நின்றிருப்பாள்.

அப்பாவின் தம்பி கல்லூரி மாணவர், எங்களோடுதான் இருந்தார். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் நான் புத்தகத்தைத் திறந்தபோது மயிலின் மூடுதாளைக் காணவில்லை. மயிலைச் சுற்றி யாரோ பென்சிலை அழுத்தி ஓட்டிய பள்ளம் இருந்தது. விரல் வைத்தால் தட்டுப்பட்டது.

"சித்தப்பா, நீங்கதானே?"

"மெதுவாப் பேசுடி. அண்ணன் காதுல விழுந்துச்சு, என் தோலை உரிச்சுடும்" என்று சிரித்தார். என் வாயை அடைக்க அன்று மாலை பலூடா வாங்கித் தந்தார்.

மாணவர்கள் தெருவில் தூக்கிச் சென்ற சிவப்புக் கொடிகளிலும் சண்டைக்கு நிற்கும் ஒரு மயில் இருந்தது. மாடியிலிருந்து நானும் பார்த்தேன். எங்கள் மயிலையும் அந்த மயிலையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் 18 அன்று ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. துப்பாக்கிச் சத்தம் எங்கள் சந்து வரை கேட்டது. அந்த வாரத்தில் சித்தப்பா வெளியே போனவர் திரும்பவில்லை. மயில் என்ற சொல்லே வீட்டில் கூடாது என்றாகிவிட்டது. அம்மா காகிதங்களையெல்லாம் அடுப்பில் போட்டாள். சுவரில் இருந்த முருகன் படத்தையும், மயில்மேல் உட்கார்ந்திருக்கிறாரே என்று, கன்னத்தில் போட்டுக்கொண்டே திருப்பி மாட்டினாள். புத்தகத்தை எரிக்க மட்டும் அப்பாவுக்கு மனம் வரவில்லை. என் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அடியில் செருகி வைத்தார்.

ஒரு காலையில் வட்டாரத் தலைவர் இரண்டு சிப்பாய்களோடு வந்தார். அவரை நாங்கள் ஊலே, அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவோம். வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார்கள். அப்போது ஒரு சிப்பாயின் கண் சுவரில் விழுந்தது.

"படம் ஏன் முதுகைக் காட்டுது?" என்று பர்மிய மொழியில் கேட்டான். திருப்பினான். வேலோடு முருகன்; கீழே மயில்.

ஊலே அவசரமாகச் சிரித்தார். "இது இவங்க சாமி, தம்பி. திருவிழால நாக்குல ஊசி குத்திக்குவாங்களே, அந்தச் சாமி."

"சாமின்னா எதுக்கு ஒளிச்சாங்க?"

அவர்கள் செருப்போடு உள்ளே வந்தார்கள். பாத்திரம், படுக்கை, அரிசிப் பானை எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். என் புத்தகங்களும் சரிந்தன. சிப்பாய் அந்தப் புத்தகத்தைப் புரட்டினான். மயிலில் நின்றான். அவன் விரல் பள்ளத்தின்மேல் ஊர்ந்தது. சன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பார்த்தான்.

"யார் இதுமேல தாள் வைச்சு நகல் எடுத்தது?"

அப்பா சட்டென்று ஓரடி முன்னால் வந்தார். அது கோபம் என்று நான் நினைத்தேன். புத்தகம் கெட்டது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, இனிச் சித்தப்பாவுக்கு அடி நிச்சயம் என்று பயந்தேன்.

"நான்தான்" என்றேன்.

"எடுத்த தாள் எங்கே?"

"கிழிஞ்சுடுச்சு. அம்மா அடுப்புல போட்டாங்க."

சிப்பாய் என் நோட்டையும் பென்சிலையும் எடுத்து என்முன் வைத்தான். "வரைஞ்சு காட்டு, தமீ." மகளே என்றுதான் கூப்பிட்டான், குரலில் அது இல்லை.

நோட்டுத் தாள் தடிமன், வைத்து எடுக்க முடியாது. பார்த்துப் பார்த்து வரைந்தேன். பென்சில் வழுக்கியது. கழுத்து குட்டையாகிவிட்டது, தூக்கிய கால் வயிற்றிலிருந்து முளைத்தது. ஊலே எட்டிப் பார்த்தார்.

"சந்தைக்குப் போற கோழி" என்றார். "இதை யார் கொடியில போடுவான், தம்பி?"

சிப்பாய் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான். "புத்தகத்தைக் கெடுத்ததுக்கு அப்பா அடிச்சாரா?"

"இன்னும் இல்லை."

அவன் உதடு லேசாக அசைந்தது. மயில் படத்தைத் தையலோடு கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போய்விட்டார்கள்.

அப்பா கவிழ்ந்து கிடந்த அரிசியின் நடுவே உட்கார்ந்தார். அடிப்பார் என்று நான் முதுகைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். அவர் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் விடவே இல்லை.

சித்தப்பா மோல்மீனுக்கு வேலைக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். மழை நின்று குளிர் வந்தது. அவர் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் படியில் காலடி கேட்டால் அப்பா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"அப்பா, அந்தக் கோடு சித்தப்பா போட்டது. நீங்க அடிக்க மாட்டீங்கன்னு யார்கிட்டயாவது சொல்லி அனுப்புங்கப்பா. வந்துடுவாங்க."

"சொல்லி அனுப்புறேம்மா" என்றார் அப்பா.

அப்புறமும் சித்தப்பா வரவில்லை. கெட்டது ஒரே ஒரு படம். அதற்குப் போய் ஒரு மனிதர் இத்தனை நாள் பயந்துகொண்டிருப்பாரா என்று எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.