துறைமுகம் எங்கள் சுவருக்கு வந்தது

வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஓவியக்கூடம் இருந்தது. கண்காட்சி முடிந்ததும் படங்களை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருப்போம். போர் நடந்த ஆண்டுகள் அவை. வீடு மாறியவர்களோடும் நாட்டை விட்டுப் போனவர்களோடும் படங்களும் போய்விட்டன. அதனால், கொழும்பில் வாழ்கிறவர்கள் கொழும்பை வரைந்த படங்களை நிரந்தரமாகச் சேர்த்து வைப்போம் என்று கூடத்தை நடத்திய நாங்கள் மூவரும் முடிவெடுத்தோம்.

முதற்படம் எதுவென்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் வங்கியொன்றில் வேலை செய்த பெண் ஒருவர், தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து துறைமுகத்தை வரைந்திருந்தார். பாரந்தூக்கிகளுக்கு முன்னால் கொடியில் காயும் துணிகள். கேட்டவுடனே தருகிறேன் என்றார். படத்தைப் படுக்கை விரிப்பில் சுற்றி, அவரும் நானும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். வழியெல்லாம் சின்னப்பிள்ளைகள் மாதிரிக் கதைத்துக்கொண்டு வந்தோம்.

கொள்ளுப்பிட்டிச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். விரிப்பை அவிழ்த்த சிப்பாய் துறைமுகத்தைக் கண்டதும் உளவு பார்க்க வரைந்ததோ என்று அதிகாரியைக் கூப்பிட்டான். படம் வரைந்தவரோ பதறாமல், இது எங்கள் வீட்டு மாடி, இது என் மகளின் பள்ளிக்கூடச் சட்டை என்று சிங்களத்தில் விளக்கிக்கொண்டே போனார். அதிகாரி எங்கள் அடையாள அட்டைகளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அந்தச் சட்டையை விரலால் காட்டி, மகள் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். பதிலைக் கேட்டபின் போகலாம் என்று கையசைத்தார்.

கூடத்துக்கு வந்தால், எங்கள் மூவரில் ஒருவரான வழக்கறிஞர் தயங்கினார்.

"வச்சிருப்பம். ஆனா இப்ப மாட்ட வேண்டாம். பிரச்சினை வரும்."

"அலுமாரிக்க வைக்கிறதெண்டா என்ர வீட்டிலயும் அலுமாரி இருக்கு," என்றார் படம் வரைந்தவர்.

வழக்கறிஞர் சிரித்துவிட்டுத் தானே சுத்தியலை எடுத்தார்.

படத்தின் பின்புறம் பென்சிலால் 'ஒன்று' என்று எழுதினேன். படங்கள் சேரச் சேர, ஓவியர்களின் வரிசையில் அல்லாமல் இடங்களின்படி சுவர்களைப் பிரித்தோம்: இது கொட்டாஞ்சேனை, இது வெள்ளவத்தை, வாசலோரம் கல்கிசை. அதுதான் சனத்தை இழுத்தது. ஜிந்துப்பிட்டியிலிருந்து குடும்பமாக வந்தவர்கள் தங்கள் பக்கத்துக்கு ஏன் சுவர் இல்லை என்று கேட்டார்கள். படம் தந்தால் சுவர் தருகிறோம் என்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே முருகன் கோயில் தெருவை வரைந்த படத்தோடு வந்து நின்றார்கள். உள்ளே இடமில்லை. படிக்கட்டுச் சுவருக்கு அன்றைக்கே வெள்ளையடிக்கத் தொடங்கினோம்.