மீன்கடைக்காரி ஊற்றிய தண்ணீர்

மீன்கடைக்காரியிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் சந்தையில் கிடையாது. பேரம் பேச வந்தவர் மீனோடு நாலு வசவையும் இலவசமாக வாங்கிக்கொண்டு போவார், மறுநாள் அதற்காகவே திரும்பியும் வருவார். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் ஒரு விஷயத்தை மட்டும் கேட்கத் துணியாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக், பரம சாது. ஒருநாள் கசாப்புக் கூடத்தில் சரக்கு லிஃப்டைப் பழுது பார்க்கப் போனவர், ஒரு கன்றுக்குட்டியோடு உள்ளேயே மாட்டிக்கொண்டார். அது பயந்துபோய் அவர் கையை நக்கியபடியே நின்றிருக்கிறது. கதவு திறந்ததும் அதை எங்கே ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று அவருக்குத் தெரியும். அன்றோடு கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டார். பாலையும் விட்டார்.

"ஆட்டைத் தின்னவரு ஆடாவே மாறிட்டாரு. இலை தழையத் தவிர எதுவும் இறங்காது" என்று கடையில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பெல்லாம் சந்தையோடு சரி. அவள் பொரிக்கிற மீனுக்காகவே வேலையை அரைகுறையாக விட்டு ஓடிவந்த மனிதர், இப்போது தனக்கென்று தானே எதையோ வேகவைத்துச் சாப்பிட்டார். மீன் வெட்டுகிற கை அவருக்கு அருவருத்துப் போய்விட்டதோ என்று அவளுக்குள் அரித்தது. கேட்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பக்கத்தில், பழைய பெயிண்ட் வாளிகளில் அவர் தக்காளி போட்டார். பூ வந்தது, உதிர்ந்தது. மறுபடி வந்தது, மறுபடி உதிர்ந்தது. வாளிக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. மறுநாளிலிருந்து, அவர் வேலைக்குக் கிளம்பியதும், மீன் கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினாள்.

செடி கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அவர் பழத்தைப் பறித்து அப்படியே கடித்துத் தின்பதைப் படிக்கட்டில் நின்று பார்ப்பாள். எப்படியோ தன் கையால் அவர் வயிற்றுக்கு ஏதோ போகிறது என்று மனம் குளிரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பழங்களைக் கூடையில் அடுக்கினார். "கீழ் வீட்டுக்காரங்களுக்கெல்லாம் குடுக்கப் போறேன். இதுல ஒரு உயிருக்கும் நோகலன்னு தைரியமா சொல்லுவேன்."

அவ்வளவு பெருமை பொங்கும் அவர் முகத்தை அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அந்த முகத்தை ஏய்க்க அவளால் முடியவில்லை.

"நில்லுங்க. அதுக்கு நான்தான் மீன் கழுவுன தண்ணி ஊத்தினேன்."

அவர் கூடையைக் கீழே வைத்தார். "ஏன்?"

"ஏனா? என் கையால ஒரு வாய் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு! மீன் நாத்தம் பிடிச்ச கைன்னு ஒதுக்கிட்டீங்க. செடி வழியாவாவது..." சந்தையையே அதட்டுகிற குரல் பாதியில் உடைந்துவிட்டது.

அவர் திருதிருவென்று விழித்தார். "யாரு ஒதுக்கினா? நாள் முழுக்கக் கடையில நின்னுட்டு வர்றே. எனக்குன்னு தனியா இன்னொரு சமையலும் செய்யணுமா, பாவம்னுதான் நானே பொங்கிக்கிட்டேன். அந்தத் தண்ணிய மட்டும் இனிமே ஊத்தாத, அது எனக்கு ஆகாது. ஆனா..." கொஞ்சம் தயங்கினார். "என் சமையலைத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சும்மா."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று சீறிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.