ஓடைக்கு இருபுறமும் ஒரே வாழ்த்து

லங்காஸ்டர் ஊரில் தொப்பி செய்து விற்கும் யோஸ்ட் ரைன்ஹோல்டுக்கு, மனைவி இறந்த பிறகு, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட வருஷத்தில் ஒரே நாள்தான் வாய்த்தது: ஜூலை நாலு, சுதந்திர தினம். அன்று குடியரசுக் கட்சி தோப்பில் ஒரு மாட்டை முழுசாக வாட்டும். யாராவது ஒருவர் எழுந்து, கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்வார். மொத்தப் பந்தியும் எழுந்து குடித்து ஆரவாரம் செய்யும். எவரும் எழாவிட்டால் சொன்னவர் தனியாகக் குடிக்க வேண்டும். அதற்கு ஊரை விட்டே போய்விடலாம்.

1805இல் எதிர்க்கட்சி எழுந்து நிற்கவே திராணியில்லாமல் கிடந்தது. சண்டைக்கு ஆளில்லாத குறையைக் கட்சி தன்னையே பிளந்து தீர்த்துக்கொண்டது. நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பி, மாநில அரசியல் சட்டத்தைப் புதிதாக எழுத வேண்டும் என்றவர்கள் தீவிரவாதிகள். இருப்பதே போதும் என்றவர்கள் மிதவாதிகள். தோப்பின் நடுவே ஓடும் ஓடைக்கு இக்கரையில் ஒரு மாடு, அக்கரையில் ஒரு மாடு. மாடுகள் மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல் வெந்தன.

சில நீதிபதிகள் போகலாம், சிலர் இருக்கலாம் என்பது யோஸ்டின் கருத்து. அந்தக் கருத்துக்கு ஊரில் அவரையும் சேர்த்து ஒரு ஆதரவாளர் இருந்தார்.

முதலில் இக்கரையில் இருந்த மிதவாதிகளிடம் போனார். முறை வந்ததும் எழுந்து, "அக்கரையில சாப்பிடுற நம்ம அண்ணன் தம்பிங்களுக்கு" என்றார். ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

"உங்க அண்ணன் தம்பி அங்கன்னா, இங்க எதுக்கு சிரமப்படுறீங்க தொப்பிக்காரரே?" என்று விசாரித்தார் விடுதிக்காரர் கீலர்.

யோஸ்ட் தனியாகக் குடித்துவிட்டுப் பாலம் தாண்டினார். அக்கரையில் சேணம் தைக்கும் டன்வுடி இருந்தார். போன வருஷம்வரை யோஸ்டின் பக்கத்து இருக்கை அவருடையது. தைரியம் வந்து, அதே வாழ்த்தை இங்கும் சொன்னார். டன்வுடி தலைநிமிராமல் எலும்பைக் கடித்தபடி கேட்டார்.

"அங்க தின்னுட்டு இங்க கை கழுவ வந்தியா, யோஸ்ட்டு? இது முழு ஆளுங்க உக்கார்ற பந்தி. பாதி ஆளுக்கு எடமில்லப்பா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு, வருஷத்தின் அந்த ஒரு நாளும் யோஸ்டுக்கு இல்லாமல் போயிற்று.

திரும்பும் வழியில் பாலத்தின் நடுவில் உட்கார்ந்தார். இக்கரையில் கடைசி வாழ்த்து முழங்கியது: கட்சியின் ஒற்றுமைக்கு. சற்றுப் பொறுத்து அக்கரையிலும் அதே வாழ்த்து, இன்னும் உரக்க. கட்சி வாழ்த்துக்கு உட்கார்ந்திருக்கும் வழக்கம் யோஸ்டுக்கு இல்லை. இரண்டு தடவையும் தொப்பியைக் கழற்றி எழுந்து நின்றார். இரண்டு தடவையும் பாலத்தில் மொத்தப் பந்தியும் எழுந்துவிட்டது.