கண்ணாடி அத்தை பேய் பார்க்கப் போனது

பேய் உலவுகிறது என்று பேர்போன ஓட்டலுக்கு எல்லோரும் பேயைப் பார்க்கத்தான் போவார்கள். பேய் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு போனவள் எங்கள் அத்தை ஒருத்தியாகத்தான் இருக்கும். கூடப் போன நானும் அப்பாவும், இன்றைக்காவது அந்தப் பேய் வந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தோம்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்ததால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் கண்ணாடி அத்தை. அவளுக்குக் கண்ணாடி கிடையாது. கடுகளவு திருகாணியை இந்த வயதிலும் வெறுங்கண்ணால் பார்த்து முடுக்கிவிடுவாள். கடைக்கு வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, மூக்கில் அழுத்துகிறதா, காதுப் பக்கம் இறுக்குகிறதா என்று கேட்டுக் கேட்டு ஃபிரேமை வளைத்துக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பேருடைய முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்த்தவள். ஒவ்வொரு புது முகத்தையும் அவள் ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பாள் என்று கடை முதலாளி சொல்வார். யாரைத் தேடுகிறாள் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மாமா அந்தப் பெரிய ஓட்டலில் சர்வர். தூண்களும், பளிங்குப் படிகளும், தலைக்கு மேல் தொங்கும் சரவிளக்குமாக, பணம் படைத்தவர்கள் தங்கிப்போகிற பழைய ஓட்டல். மாமாவுக்குக் கை லேசாக நடுங்கும். அதனால் மற்ற சர்வர்கள் போல டீத் தட்டை ஒரு கையில் ஏந்த மாட்டார், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அப்புறம் கதவைத் தட்டுவது எதைக் கொண்டு? காலால்தான். விருந்தாளிகளின் அறைக் கதவையே பூட்ஸ் நுனியால் தட்டுகிறார் என்று மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வெறுங்கையோடு வந்தாலும் கதவின் அடியில் இரண்டு இடி இடிப்பார். அந்த இடத்தில் பெயிண்ட் போய் மரம் தெரியும். "எருமை மாடு வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே அத்தை ஓடிப் போய்த் திறப்பாளாம். இது அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது தவழ்கிற குழந்தை.

ஒரு நாள் மாமா வேலைக்குப் போனார், திரும்பி வரவில்லை. மாலை டீத் தட்டோடு அவர் இரண்டாம் மாடிக்கு ஏறியதைச் சமையல்காரர் பார்த்திருக்கிறார். இறங்கி வந்ததை யாரும் பார்க்கவில்லை. அவருடைய சட்டையும் செருப்பும் ஊழியர்கள் உடை மாற்றுகிற அறையில் அப்படியே இருந்தன. ஓட்டல்காரர்கள் அவற்றைக் காகிதத்தில் சுற்றிப் பின்பக்க வாசலில் வைத்து அத்தையிடம் கொடுத்தார்கள். போலீஸ் தேடியது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அத்தை அலைந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிணவறைக்குள் போய் முகம் முகமாகப் பார்த்துவிட்டு வந்தாள். மாமா இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எவளோடோ ஓடிவிட்டார் என்றார்கள். ஓட்டலில் ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டார், தீர்த்துக் கட்டிவிட்டார்கள் என்றார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மாமா மேல் கோபம்தான். செத்திருந்தால் பாவம், சாகாமல் இருந்தால் பாவி; இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு பெண்பிள்ளையை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டாரே என்ற கோபம்.

பல வருஷம் கழித்து ஓட்டல் கைமாறியது. புது முதலாளிக்கு வியாபாரம் தெரியும். இரண்டாம் மாடியில் மாலை டீ வேளையில் ஒரு சர்வர் பேய் நடமாடுகிறது, கதவை மூன்று முறை தட்டும், திறந்தால் ஆள் இருக்காது, தட்டில் ஆவி பறக்க டீ மட்டும் இருக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். கூட்டம் அள்ளியது. செத்தும் ஷிஃப்ட் தவறாமல் வேலைக்கு வருகிற பேய், அதுவும் பட்டப்பகலில். கிடைக்குமா முதலாளிக்கு இப்படி ஒரு ஆள்?

அத்தைக்கு இது தெரிந்தது கடையில் வைத்துத்தான். கண்ணாடி சரிசெய்ய வந்த ஒரு பெண்மணி, ஓட்டலில் கேட்ட கதையைக் கைகால் முளைக்க வைத்துச் சொல்லியிருக்கிறாள். அத்தை திருகாணியை முடுக்கி முடித்து, கண்ணாடியைத் துடைத்து அவள் மூக்கில் மாட்டிவிட்டு, "இப்ப நல்லாத் தெரியுதாம்மா?" என்று கேட்டாளாம். அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, "பேய்னு சொல்லி அவரை ஓட்டல்காரங்க சாகடிச்சுட்டாங்க தம்பி" என்று அப்பாவிடம் சொன்னாள்.

அத்தை குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. மாமாவோடு குடியேறிய அதே வீடு. கட்டடம் விரிசல் விட்டு, இடிக்கப் போகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டி, மற்றவர்கள் எல்லோரும் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அத்தை நகரவில்லை.

"அவருக்கு இந்த வீடு ஒண்ணுதானே தெரியும்? வந்து கதவை இடிச்சா யாரு திறக்கிறது?"

அப்பா கெஞ்சினார், அதட்டினார், அழுதார். செவிடன் காதில் ஊதிய சங்கு. தண்ணீர்க் குழாயையும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு தினமும் காலையில் அப்பா இரண்டு கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிப்படிகளில் ஏறினார். அவருக்கு நெஞ்சுவலி வந்து போயிருந்தது. நான் தூக்குகிறேன் என்றாலும் விடமாட்டார், "எங்க அக்காவுக்கு நான் தூக்குறேன், உனக்கென்ன" என்பார். படிக்குப் படி நின்று மூச்சு வாங்குவார். ஒரு நாள் கேனைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே இருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவளாக வாய் திறந்தாள்.

"சரி தம்பி. அந்த ஓட்டலுக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. பேயா நிக்கிறது அவர்தான்னா செத்துட்டார்னு அர்த்தம், காலி பண்ணிடறேன். இல்லைன்னா யாரும் என்கிட்ட இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"பேய்க்கு வாக்கப்பட்டா முருங்க மரம் ஏறணும்னு சொல்லுவாங்க. அண்ணி பளிங்குப் படி ஏறப் போறாங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஓட்டல் முன்வாசல் காவலாள் எங்களுக்குச் சல்யூட் அடித்தார். அத்தை அதுவரை பின்வாசலை மட்டுமே பார்த்தவள். என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் திருப்பிச் சல்யூட் அடித்தாள். அப்பாவுக்குப் படியேற பயம், கீழேயே ஒரு மெத்தை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார். நானும் அத்தையும் இரண்டாம் மாடிக்குப் போனோம். நடைபாதை முழுக்கத் தடித்த கம்பளம், நம் காலடி நமக்கே கேட்காது. இருபக்கமும் தேக்குக் கதவுகள். அத்தை ஒவ்வொரு கதவின் அடிப்பக்கத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாம் புதிதாக மெருகேற்றிய கதவுகள், ஒரு கீறல்கூட இல்லை.

பேய்க்காக வருகிறவர்களுக்கென்று ஒரு அறை வைத்திருந்தார்கள். கனமான திரைச்சீலை, ஆளை விழுங்குகிற கட்டில், ஜன்னலோரம் வட்ட மேஜை. அத்தை நாற்காலியில் கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

"பயமா இருக்கா அத்தை?"

"அவர்கிட்ட எனக்கென்னடி பயம்? வந்துடுவாரோன்னுதான் பயம்."

வராவிட்டால் நாளைக் காலையும் அப்பா கேனைத் தூக்க வேண்டும். வந்துவிட்டால் இவள் இத்தனை வருஷம் காத்திருந்ததற்கு அர்த்தமே இல்லை. எதை வேண்டுவது என்று தெரியாமல் திரைச்சீலையின் குஞ்சத்தைப் பின்னிக்கொண்டு நின்றேன்.

டக், டக், டக்.

விரல் முட்டியால், மரியாதையாக, ஒரே சீராக மூன்று தட்டு. அத்தை எழுந்திருக்கவில்லை. நான்தான் போய்த் திறந்தேன். வாசலில் தட்டு, அதில் ஆவி பறக்கும் டீ. நடைபாதையில் ஒருவரும் இல்லை. கோடியில் ஊழியர் கதவு ஒன்று மூடப்போன நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. ஓடிப் போய்த் தள்ளினேன். உள்ளே நடுவயது சர்வர் ஒருவர் வெறுங்காலோடு நின்று ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம்தான் பேயைப் பார்த்த மாதிரி ஆனது.

"மேடம், சத்தம் போடாதீங்க. இந்த வாரம் எனக்குப் பேய் டியூட்டி. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அத்தையிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று அந்தக் கம்பளத்தில் நடந்த தூரம் முழுக்க எனக்குள் அடிதடி. சொன்னால் அவள் வீட்டை விட்டு அசைய மாட்டாள். அப்பாவின் மூச்சு என் காதில் கேட்டது. சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் அறைக்குள் நுழைந்தேன்.

அத்தை தட்டை மேஜைக்கு எடுத்து வந்து, டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கடைக்கு வருகிறவர்களைப் பார்ப்பாளே, ஒரு நொடி கூடுதலாக, அந்தப் பார்வை.

"அவர்தான்" என்றாள். "வா, போலாம். அப்பா கீழ தனியா உக்காந்திருப்பான்."

கீழே வந்து அப்பாவிடமும் அதையே சொன்னாள். அப்பா அந்த மெத்தை நாற்காலியில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமாவுக்காக அழுதாரா, இனி படி ஏற வேண்டாம் என்று அழுதாரா, அவருக்கே தெரிந்திருக்காது. அத்தை அழவில்லை. "விடு தம்பி, விடு. போதும் நீ சுமந்தது" என்று அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அந்த வார முடிவிலேயே வீட்டைக் காலி செய்தோம். வண்டியில் சாமான்களை ஏற்றிவிட்டு, கயிறு வாங்க எதிரே இருந்த சைக்கிள் கடைக்குப் போனேன். டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க வீடு பால் டிப்போவுக்குப் பின் சந்துதானேம்மா? பச்சை கேட்டு?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அத்தை சொல்லி வச்சிருக்காங்க. வயசான ஆள் யாராவது வந்து, கட்டடம் இருந்த இடத்தைப் பார்த்துட்டு நின்னா, இந்த அடையாளம் சொல்லி அனுப்பணுமாம். ஆளை எப்படிம்மா கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டேன். கை லேசா நடுங்கும், கதவைக் காலாலதான் தட்டுவார், கையால தட்டவே மாட்டார்னாங்க."

கயிறு வாங்க வந்ததை மறந்துவிட்டேன். அந்த மூன்று தட்டு விழுந்தவுடனேயே அத்தைக்குத் தெரிந்திருக்கிறது, வந்தது மாமா இல்லை என்று. நான் ஓடிப் பார்க்க வேண்டியிருந்தது, அவளுக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது. பலித்ததை யாரிடமும் சொல்லாமல், தம்பி இனி படி ஏறக் கூடாது என்று புருஷனைச் செத்தவர் கணக்கில் சேர்த்துவிட்டாள். நான் அவளை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதை இன்று வரை அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

அத்தை எங்களோடுதான் இருக்கிறாள். முழங்கால் வலி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். மாமா பேச்சை எடுப்பதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு நாள் நான் கடைக்குப் போய்விட்டு இரண்டு கையிலும் பை நிறையச் சாமானோடு நனைந்துகொண்டே வந்தேன். மணியை அழுத்தக் கை இல்லை. யோசிக்காமல் கதவின் அடியில் காலால் இரண்டு இடி இடித்தேன்.

உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. அதைத் தொடர்ந்து யாரோ ஓடி வருகிற சத்தம். எங்கள் வீட்டில் ஓடக்கூடிய ஆள் அந்த நேரத்தில் யாரும் இல்லை. கதவு விரியத் திறந்தது. அத்தை சுவரைப் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. இருபது வயதுப் பெண்ணின் முகம். என்னைப் பார்த்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாக வயதாகி அத்தையானது.

"நீயா" என்றாள். கையை நீட்டி ஒரு பையை வாங்கிக்கொண்டாள். "தலையைத் துவட்டுடி, சளி பிடிச்சுக்கும்."

இப்போதெல்லாம் கையில் எவ்வளவு சுமை இருந்தாலும், எவ்வளவு மழை பெய்தாலும், எல்லாவற்றையும் தரையில் வைத்துவிட்டு மணியை அழுத்துகிறேன்.