தடைப் பட்டியலுக்கு வெளியே

ஒடென்சே நகரில் படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் முழுநேர வேலை, இணையச் சூதாட்டத் தளங்களைப் பற்றி டேனிஷ் மொழியில் விமர்சனம் எழுதுவது. எந்தத் தளத்தை நம்பலாம், எதில் வென்ற பணம் சீக்கிரம் கைக்கு வரும் என்று எழுதி, நட்சத்திரம் போடவேண்டும். வீட்டில் விளம்பர நிறுவனம் என்று சொல்லியிருந்தேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

கட்டுரைகளின் கீழே தாடி வைத்த ஒரு மனிதரின் படம் இருக்கும். நீண்டகால அனுபவமுள்ள நிபுணர் என்று போட்டிருக்கும். அப்படி ஒருவர் இல்லை. படம் விலைக்கு வாங்கியது, எழுத்து என்னுடையது. எல்லாத் தளங்களிலும் சொந்தப் பணத்தில் விளையாடிப் பார்த்ததாக அவர் சொல்வார். நான் ஒன்றில்கூட ஒரு குரோனர் வைத்ததில்லை.

இரண்டாம் மாதம்தான் எங்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கியது. எங்கள் இணைப்பை அழுத்திப் போகிறவர் அங்கே தோற்றால், தோற்றதில் ஒரு பங்கு எங்களுக்கு. வென்றால் எங்களுக்கு ஒன்றுமில்லை. கூடிய பங்கு தருகிற தளத்துக்கு நட்சத்திரமும் கூடியது. விளங்கிய பிறகும் நான் விலகவில்லை. நல்ல அலுவலகம், அன்பான ஆட்கள், சனிக்கிழமை வேலை இல்லை.

இந்த நாட்டில் சூதாட்டத்தை விட நினைப்பவர், தன்னையே தடை செய்யச் சொல்லி அரசாங்கப் பட்டியலில் பதியலாம். அதன் பிறகு உரிமம் பெற்ற எந்தத் தளமும் அவரை உள்ளே விடாது. ஒருநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பட்டியல் செல்லாத வெளிநாட்டுத் தளங்களைப் பற்றி ஓர் இணையப் பக்கம் எழுதச் சொன்னார். ஒரே நாளில் எழுதி முடித்தேன். வாசிக்கிறவரைக் குற்றவாளியாக்காமல், ஒரு நண்பன் கதைப்பதுபோல எழுதியதாக மேலாளர் பாராட்டினார்.

பிரெடெரிசியா நகரில் தொழிற்சாலை வேலை செய்யும் என் அத்தான், அக்காவின் கணவர், அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் அந்தப் பட்டியலில் பதிந்திருந்தார். பக்கத்தில் அக்கா இருந்து பதியவைத்தாள். பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்து, இனிப் பயமில்லை என்று அழுதாள். அந்தப் பக்கத்தை எழுதும்போது அத்தான் ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொல்லவே விருப்பம். ஆனால் வந்தார். அவர் டேனிஷில் இவ்வளவு நீளமாக வாசிக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, கோயில் பூசை முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த செய்தி விளங்கவில்லை, வாசித்துச் சொல் என்று அத்தான் தன் தொலைபேசியைத் தந்தார். வாசித்துச் சொல்லிவிட்டு அந்தச் செய்தியை மூடினேன். அதன் பின்னால் எங்கள் தாடிக்காரரின் பக்கம் திறந்தபடி இருந்தது. அவர் படத்துக்கு மேலே, அந்தப் பட்டியல் செல்லாத தளங்களைப் பற்றிய என் வரிகள்.

தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அக்கா இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை அலுவலகக் கணினியில் எங்கள் இணைப்பு வழியாகப் போனவர்களின் பட்டியலைத் திறந்தேன். அதில் பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். சேர்ந்த நாள், தோற்ற தொகை. இதில் அத்தான் எந்த எண் என்று தெரியவில்லை. ஓர் எண் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே போனது. அவர்தான் என்று நினைத்தேன். வேறோர் எண்ணைப் பார்த்ததும், அது இல்லை, இதுதான் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. நாங்கள் எழுதத்தான் செய்கிறோம், முடிவு வாசிக்கிறவருடையது என்றார். இந்த அலுவலகம் நடப்பதே அந்தப் பக்கத்தால்தான் என்றார். பிறகு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டு கிழமை அக்காவின் அழைப்பு வரும்போதெல்லாம் எடுக்கத் தயங்கினேன். விசயம் தெரிந்துதான் அழைக்கிறாளோ என்று பயம். தெரியாமல் அழைக்கிறாள் என்று கண்டால் அதைவிடப் பயம்.

அடுத்த முறை போனபோது, என்னைக் காரில் ஏற்றிப்போக ரயில் நிலையத்துக்கு வந்த அத்தானிடம், கார் புறப்படுமுன் சொன்னேன்.

"அத்தான், அந்தத் தாடிக்காரன்ர பக்கத்தை எழுதினது நான்."

அவர் கார்த் திறப்பைத் திருப்பாமல் அதில் கை வைத்தபடி இருந்தார். என்ன பக்கம் என்று கேட்கவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாய்," என்றார். "அந்த மனுசன் பொய் சொல்லமாட்டான் எண்டு நம்பினனான்."

பிறகு, "அக்காவுக்குச் சொல்லுவியோ?" என்றார். என்னைவிட அவர் பயந்திருந்தார்.

"சொல்லத்தான் வேணும்."

"என்னைப் பற்றியோ, உன்னைப் பற்றியோ?"

"ரெண்டு பேரைப் பற்றியும்."

வீட்டுக்குப் போனதும் அத்தான் முதலில் சொன்னார். அக்கா கதிரையில் இருந்து கேட்டாள். புதுச் சமையலறைக்கு என்று சேர்த்து வைத்த பணம் முழுவதும் போயிருந்தது. பிறகு நான் சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இவர் பதிஞ்சது தெரிஞ்சுமோ எழுதினனீ?"

"ஓம் அக்கா."

என்னை அனுப்பிவிடும்படி அத்தானிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

அந்த மாதமே வேலையை விட்டேன். பக்கம் அப்படியே இருந்தது, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அத்தானின் வங்கி அட்டையில் சூதாட்டத்துக்குப் பணம் போகாதபடி தடுத்தார்கள். கிழமைக்கு ஒருநாள் அவரைப் போன்றவர்கள் கூடும் இடத்துக்குப் போகிறார். இரண்டு முறை சறுக்கி விளையாடினார், இரண்டு முறையும் அவராகவே அக்காவிடம் சொன்னார். நான் இப்போது முதியோர் இல்லம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன்.

அக்கா மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறாள். சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் நான் ஏதாவது நல்லது என்று சொன்னால், அது ஒரு பல் வைத்தியராக இருந்தாலும், சரி என்று கேட்டுவிட்டுப் பிறகு வேறு யாரிடமாவது விசாரிக்கிறாள். போன கிழமையும் அப்படித்தான் விசாரித்தாள் என்று அவள் மகள் டேனிஷில் எனக்குச் சொன்னாள். விசாரிக்கட்டும் என்றேன்.